லவுஞ்சுக்காரர் வெளியே உட்கார்ந்த நாள்

குடும்பத்தில் எல்லாரும் அவரை லவுஞ்சுக்காரர் என்றுதான் சொல்வார்கள். அவர் காதில் விழாமல் சொல்வதாக நினைத்துக்கொண்டு சொல்வார்கள். அவருக்கோ அது பல்கலைக்கழகம் கூப்பிட்டுக் கொடுத்த பட்டம் மாதிரி. இயந்திரங்களுக்குப் போடுகிற ஆயில் சீல் விற்கும் கம்பெனியில் விற்பனைப் பிரதிநிதியாக ஊர் ஊராகப் பறந்தவர். அந்த ஊர்களைப் பற்றிக் கேட்டால் ஒரு வரிகூடத் தேறாது. அந்த ஊர் விமான நிலையத்தில் வசதிக்காரர்கள் காத்திருக்கும் சொகுசு அறையான லவுஞ்சைப் பற்றிக் கேட்டாலோ, கேட்டவர் பாடு திண்டாட்டம்.

"கடற்கரை ஊராமே, கடல் எப்படி மச்சான்?" என்பார் மைத்துனர்.

"கடல் கிடக்கு. லவுஞ்சுல நாற்காலி அத்தனையும் நிஜத் தோல், தெரியுமா?"

லவுஞ்சுகளை ஒப்பிடுவதற்கு அவரிடம் சொந்தமாகச் சில அளவுகோல்கள் இருந்தன. நாற்காலி தோலா ரெக்சினா, சூப்பில் ஆவி வருகிறதா, கழிவறைக்கு எத்தனை தூரம் நடக்கணும். எல்லாவற்றுக்கும் மேலே ஸ்பூன். ஒரு லவுஞ்சு நொடித்துப்போவது ஸ்பூனில்தான் முதலில் தெரியும் என்பது அவருடைய சித்தாந்தம். கனமான ஸ்பூன் போய் மெல்லிசு ஸ்பூன் வரும், அது போய் பிளாஸ்டிக், கடைசியில் மரக்குச்சி. மரக்குச்சி வந்துவிட்டால் அந்த லவுஞ்சுக்கு அவர் மனசுக்குள் இரங்கல் கூட்டமே நடத்திவிடுவார்.

சரித்திரமும் உண்டு. ஆதியில் கதவில் பெயர்ப்பலகையே இருக்காதாம். தெரிந்தவர் தட்டினால் திறக்குமாம். உள்ளே வரவேற்பில் இருக்கும் அம்மாள், நாம் உட்கார்ந்திருக்கும் இடத்துக்கே வந்து, "சார், உங்க விமானம் தயார்" என்று காதோடு சொல்வாராம். பிறகு சந்தா அட்டைக் காலம் வந்தது. இப்போது வங்கி அட்டை வைத்திருப்பவர் எல்லாம் நுழைகிற கலிகாலம். "இப்பல்லாம் லவுஞ்சுக்குள்ள அறிவிப்பே கிடையாது. விமான நேரம் காட்டுற பலகையைப் பார்த்து நாமதான் எழுந்து போகணும்" என்று பெருமூச்சு விடுவார். அந்த ஆதி காலத்தில் அவர் அரைக்கால் சட்டை போட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தார் என்பதை யாரும் எடுத்துச் சொல்வதில்லை. மனுஷர் பேசட்டுமே.

இதையெல்லாம் அதிகம் கேட்டது அவர் மனைவி. பல் டாக்டர் கிளினிக்கில் முன்னறையில் உட்கார்ந்து, வருகிறவர்களுக்கு நேரம் குறித்துக் கொடுக்கிற வேலை. மாலையில் மனைவி வந்து துணி மடிக்கும்போது இவர் ஆரம்பிப்பார். அவர் "ம்" என்பார். அடுத்த சட்டையை எடுத்து "ம்" என்பார். செவிடன் காதில் ஊதின சங்குதான் என்று இவர் முடிவே கட்டிவிட்டார். ஆனாலும் ஊதாமல் இருக்க முடியவில்லை.

ஒரு நாள் உன்னைக் கூட்டிக்கொண்டு போகிறேன் என்று மட்டும் சொல்லிக்கொண்டே இருந்தார். கம்பெனி கொடுத்த லவுஞ்சு அட்டையில் துணைக்கு வரும் ஆளுக்கு இடமில்லை. வருஷங்கள் போய்விட்டன. ஓய்வு பெற்றபோது, சுவர்க் கடிகாரம் தருகிறோம் என்று கம்பெனியில் சொன்னார்கள். "கடிகாரம் வேண்டாம், லவுஞ்சுக்கு ரெண்டு பேர் போற சீட்டு வாங்கிக் குடுங்க" என்று வாய்விட்டுக் கேட்டார். அவர்களும் சிரித்துக்கொண்டே வாங்கிக் கொடுத்தார்கள்.

சரியாக அந்தச் சமயத்தில் தூரத்து நகரத்தில் இருக்கும் மகளுக்குக் குழந்தை பிறந்தது. மகள் பிறந்த அன்று இவர் ஏதோ ஒரு லவுஞ்சில், தாமதமான விமானத்துக்காகக் காத்துக் கிடந்தவர். அந்த லவுஞ்சைப் பற்றி மட்டும் இவர் இதுவரை வாயைத் திறந்ததில்லை. பேத்தியையாவது உடனே போய்ப் பார்த்துவிட வேண்டும் என்று தவித்தார்.

விமான நிலையத்து லவுஞ்சு வாசலில் மனைவியை முன்னால் விட்டுக்கொண்டு, மாப்பிள்ளை மிடுக்கோடு போய்ச் சீட்டை நீட்டினார். மேஜைக்குப் பின்னாலிருந்த பெண் வருத்தத்தோடு சொன்னாள்: "மன்னிக்கணும் சார். கூட்டம் ரொம்ப அதிகம். இன்னும் ஒருத்தருக்குத்தான் இடம் இருக்கு."

பழக்கதோஷம், அவருடைய வலது கால் தானாக ஓர் அடி உள்ளே போனது. பிறகு வெட்கப்பட்டுக்கொண்டு திரும்பி வந்தது.

"நீ போ" என்றார்.

"நான் மட்டும் எதுக்குங்க? ரெண்டு பேரும் வெளியவே உட்காரலாம்."

"சொல்றதைக் கேளு. போய்ப் பார்த்துட்டு வா. இந்தப் பையில என் போனும் இருக்கு, உள்ள சார்ஜ் போட்டுடு. அறிவிப்பு வந்ததும் கிளம்பி வா."

வெளியில் சார்ஜ் போடுவது அவருக்குக் கௌரவக் குறைச்சல்.

விமானம் ஏறும் வாசலுக்கு எதிரே, வரிசையாகப் பிணைத்த இரும்பு நாற்காலியில் உட்கார்ந்தார். தோலும் இல்லை, ரெக்சினும் இல்லை. ஒரு பக்கத்து ஆள் தூங்கித் தூங்கி இவர் தோளில் சாய்ந்தார். மறுபக்கத்து அம்மாள் பையைத் திறந்து, "சாப்பிடுங்க அண்ணே" என்று பிஸ்கட் நீட்டினார். எந்த ஊர், எத்தனை பிள்ளைகள், முழங்கால் வலிக்கு என்ன மருந்து என்று எல்லாம் கேட்டு முடித்தார். லவுஞ்சில் ஒருவரும் இவரை ஒரு கேள்வி கேட்டதில்லை.

ஆனால் மனசு அங்கே இல்லை. அவளுக்குப் பிடித்திருக்குமா? "இவ்வளவுதானா?" என்று வெளியே வந்து ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் போச்சு. வீட்டில் இல்லாமல் கழித்த நாட்களுக்கெல்லாம் அவர் காட்டிய ஒரே கணக்கு அந்த லவுஞ்சுகள்தான். அதுவும் ஒன்றுமில்லை என்று ஆகிவிட்டால், இத்தனை வருஷம் எங்கே போயிருந்தோம் என்று அவருக்கே பயமாக இருந்தது.

ஏறச் சொல்லி அறிவிப்பு வந்தது. இவர் எழுந்து நின்றார். மனைவியைக் காணோம். வரிசை நீண்டு, நகர்ந்து, குறைந்துகொண்டே வந்தது. பிஸ்கட் அம்மாள் போகும்போது, "வீட்டுல இன்னும் வரலையா அண்ணே?" என்று கேட்டுவிட்டுப் போனார். அப்போதுதான் அவருக்கு உறைத்தது. உள்ளேதான் அறிவிப்பே கிடையாதே! அதை ஊர் பூராவும் சொல்லித் திரிந்தவர் யார்? ஊருக்கெல்லாம் பலன் சொல்லுமாம் பல்லி, கழுநீர்ப் பானையில் விழுமாம் துள்ளி. கூப்பிடலாம் என்று சட்டைப்பையைத் தடவினார். போன் அவளிடம்.

ஓடினார். அந்த வயசுக்கு அதை ஓட்டம் என்றுதான் சொல்ல வேண்டும். பாதி வழியில் எதிரே மனைவி வந்துகொண்டிருந்தார், பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, சந்தைக்குப் போய்விட்டு வருகிறவர் மாதிரி நிதானமாக.

"ஏங்க இப்படி மூச்சு வாங்குது? இன்னும் கதவு சாத்தலையே. பலகையைப் பார்த்துட்டுத்தான் கிளம்பினேன்."

"அறிவிப்பு வந்ததும் வான்னு நான்..."

"உள்ள அறிவிப்பு கிடையாதுன்னு நீங்கதான சொல்லுவீங்க? ஏதோ படபடப்புல மாத்திச் சொல்றீங்கன்னு விட்டுட்டேன்."

அவர் நின்றுவிட்டார். "நீ அதையெல்லாம் கேட்டுக்கிட்டா இருந்தே?"

"பின்ன? வீட்டுல வேற யாரு கேக்கறது? நடங்க, நடங்க."

நடந்துகொண்டே, அடக்க முடியாமல் கேட்டார்: "எப்படி இருந்துச்சு?"

"நாற்காலி ரெக்சின். சூப்புல ஆவி இல்ல. கழிவறை தூரம். ஸ்பூன் மரக்குச்சிங்க."

அவருக்குப் பெருமையாகவும் இருந்தது, அழுகையாகவும் வந்தது. இவ்வளவு சுத்தமாக அவரே சொல்லியிருக்க முடியாது.

"எங்க கிளினிக் முன்னறை மாதிரியேதான் இருக்கு" என்றார் மனைவி. "ஆனா பல்வலின்னு வர்றவங்களுக்குக்கூடத் துணைக்கு ஒரு ஆள் வரும். இங்க எல்லாரும் பக்கத்து நாற்காலியில பையைத்தான் உட்கார வச்சிருந்தாங்க. நீங்களும் அப்படித்தான் உட்கார்ந்திருப்பீங்களா?"

அவர் கையை நீட்டினார். மனைவியிடமிருந்து பையை வாங்கிக்கொண்டார்.

கடைசி ஆட்களாக ஏறினார்கள். ஜன்னல் பக்கம் அவர் நுழைந்து உட்கார்ந்தார். கை தன்பாட்டுக்குப் பையைப் பக்கத்து இருக்கையில் வைத்தது. அது மனைவியின் இருக்கை.

மனைவி நடைபாதையில் நின்றுகொண்டு பையைப் பார்த்தார். அவரையும் பார்த்தார்.

"பையை எடுங்க" என்றார். "நான் வந்துட்டேன்."