கரிப்பெட்டியும் விரல் கிளிப்பும்

அந்தத் தெருவின் இஸ்திரிக்காரருக்கு இரண்டு பெருமைகள். அவர் தேய்த்த கால்சட்டையின் மடிப்பில் காய் நறுக்கலாம். கல்யாணமான நாளிலிருந்து மாமியாரைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை சொன்னதில்லை.

அன்று விடாத மழை. சாரல் பட்டால் துணி வீணாகும் என்று அறையின் கதவு, ஜன்னல் எல்லாவற்றையும் அடைத்துவிட்டுக் கரிப்பெட்டியால் தேய்த்துக்கொண்டிருந்தார். மத்தியானம் மனைவி கதவைத் தள்ளிக்கொண்டு வந்தபோது தலையைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். எதிரே ஒரு வெள்ளைச் சட்டை, காலர் உள்ளே போகும்படி மடிக்கப்பட்டுக் கிடந்தது.

"உங்கம்மா தங்கமான மனுஷி," என்றார்.

அவள் குடையைக்கூட எடுக்கவில்லை. அவரைப் பக்கத்து மருந்துக்கடைக்கு இழுத்துப்போனாள். கடைக்காரர் விரலில் கிளிப்பை மாட்டிப் பார்த்தார்.

"ஆக்சிஜன் தொண்ணூத்தொம்பது. குதிரை மாதிரி இருக்காரு. தலைவலி மாத்திரை போதும்மா."

"பாத்தியா, மிஷினே சொல்லுது," என்றார் இஸ்திரிக்காரர், மூலையில் நின்ற எடை மிஷினைப் பார்த்து.

"அண்ணே, இவரு எங்கம்மாவைப் புகழ்றாரு."

கடைக்காரர் மாத்திரை அட்டையைக் கீழே வைத்தார். ஷட்டரை இறக்கிவிட்டு வண்டி பிடிக்க ஓடினார்.

ஆஸ்பத்திரியில் 'மூடிய அறை', 'கரி' என்று காதில் விழுந்ததுமே டாக்டரம்மா ஆக்சிஜன் மாஸ்க்கை மாட்டிவிட்டு ரத்தம் எடுத்தனுப்பினார்.

"உங்க தொழில்லயே சொல்றேம்மா. ரத்தத்துல இருக்கிற ஹீமோகுளோபின், நாலு கொக்கி வச்ச ஹேங்கர். நுரையீரல்ல ஆக்சிஜனை மாட்டிக்கும், உடம்புல தேவைப்படற இடத்துல கழட்டிக் குடுக்கும். கரிப்புகையில வர்ற வாயு மாட்டிக்கிச்சுன்னா லேசுல கழலாது. பக்கத்துல தொங்குற ஆக்சிஜனையும் கழல விடாது."

"அப்ப அந்தத் தொண்ணூத்தொம்பது?"

"கொக்கி நிறைஞ்சிருக்கான்னுதான் கிளிப் பாக்கும். தொங்குறது யார் வீட்டுத் துணின்னு அதுக்குத் தெரியாது."

"இப்ப என்ன செய்யறது?"

"ஆக்சிஜனை நிறைய உள்ள தள்ளிக்கிட்டே இருந்தா, அந்த வாயு கொஞ்சம் கொஞ்சமா இடத்தை விட்டுக் கிளம்பும். மாஸ்க்கைக் கழட்ட விடாதீங்க. இன்னும் கொஞ்சநேரம் அந்த ரூம்ல இருந்திருந்தா கஷ்டம்."

சாயங்காலம் மறுபடி ரத்தம் பார்த்துவிட்டு, "தப்பிச்சிட்டாரு," என்றார் டாக்டரம்மா. மனைவி சுவரில் சாய்ந்து, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள்.

இஸ்திரிக்காரர் மாஸ்க்கைச் சற்றுத் தூக்கினார். "ஒண்ணுமில்லைன்னு நான் அப்பவே..."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு மாஸ்க்கை அவர் வாய்மேல் அழுத்தினாள்.

"டாக்டர், வீட்டுக்குப் போறப்ப இதைக் கையோட குடுத்தனுப்புவீங்களா?"