சாதாழைக்குள் மேய்ந்த எருமை

இரண்டு வருடமாக அந்தக் கரையில் எங்கள் படகுக்கார அண்ணனை எல்லோரும் ஆவுளியா என்றே கூப்பிட்டார்கள். ஆவுளியா என்றால் கடற்பசு. கடலின் அடியில் புல் மேய்ந்து, குட்டிக்குப் பால் கொடுத்து, மூச்சு விட மட்டும் மேலே வரும் பெரிய சீவன். எங்கள் பக்கத்துக் கடலில் அது எப்போதோ இல்லாமல் போய்விட்டது என்பதுதான் எல்லோருடைய கதையும். அண்ணன் ஒரு நாள் விடிய வலை எடுக்கப் போனவர், தீவுக்கு இந்தப் பக்கம் சாதாழை படர்ந்து கிடக்கும் ஆழம் குறைந்த இடத்தில் ஒன்றைக் கண்டதாக வந்து சொன்னார். சாதாழை என்பது கடலுக்குள் முளைக்கும் புல்.

அதோடு விட்டிருந்தால் ஒரு கிழமையில் எல்லோரும் மறந்திருப்பார்கள். அவர் மீனவர் சங்கக் கூட்டத்தில் எழும்பி, அந்த இடத்தில் இனி வலை போடாமல் விடுவோம் என்று கேட்டார். வலையில் சிக்கினால் மேலே வந்து மூச்சு எடுக்க முடியாமல் அது செத்துப்போகும் என்றார். நல்ல மீன்படும் இடம் அது. காணாத ஒன்றுக்காக யார் விட்டுக்கொடுப்பார்கள்? தான் தனியாக வலை விரிக்க ஆள் நல்ல வழி கண்டுபிடித்திருக்கிறார் என்று ஒருவர் சொல்ல, கூட்டம் சிரித்துக் கலைந்தது. அன்று வைத்த பெயர்தான். அதற்குப் பிறகு அவர் தேத்தண்ணிக் கடைக்குப் போவதை நிறுத்திவிட்டார்.

கிளிநொச்சி மாவட்டத்தின் மேற்குக் கரை அது, முழங்காவிலுக்கு அப்பால். நான் அங்கே பிறந்தவன் இல்லை. மலையகத்தில் ஒரு தேயிலைத் தோட்ட லயத்தில் பிறந்து, அப்பாவின் தோளில் வன்னிக்கு வந்து, ஆறாம் வகுப்போடு படிப்பை முடித்தேன். பளையில் தேங்காய் உரித்தேன், உடையார்கட்டில் கல் அரிந்தேன், முல்லைத்தீவில் கருவாடு காயப்போட்டேன். முழங்காலுக்குக் கீழே சண்டைக் காலத்துச் செல் துண்டு ஒன்று இருக்கிறது. மழைக்குக் குத்தும், மற்ற நாட்களில் ஞாபகம் வராது. ஓர் இடத்தில் ஆறு மாதம் நின்றால் எனக்குக் கால் அரிக்கத் தொடங்கிவிடும். அண்ணனோடு மட்டும் இரண்டு பருவம் நின்றேன். அவர் கடலட்டை எடுக்கக் கீழே போவார். நான் படகில் நின்று கயிறு பார்ப்பேன். கயிற்றுக்கு இந்தப் பக்கம் நிற்பவனை நம்பித்தான் கீழே போகிறவர் போகிறார். அப்படி வந்த பழக்கம்.

போன காலபோக நெல் அறுவடை முடிந்த கையோடு அவர் போன் எடுத்தார். நாலு சனத்தைக் கூட்டிக்கொண்டு வா என்றார். தீவு, முருகைக்கல் என்கிற பவளப்பாறை, மீன், பறவை எல்லாம் காட்டுவோம், அட்டைக்குப் போகிற முகக்கண்ணாடியும் மூச்சுக்குழாயும் மூன்று சோடி சும்மா கிடக்கிறது என்றார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"அதைப்பற்றி மட்டும் ஒரு சொல்லும் சொல்லாத. சொன்னியெண்டா அலையைக் கண்டாலும் ஆவுளியா எண்டுவினம். பிறகு நாங்கள் சொல்லிக்குடுத்துக் கூட்டிவந்த சாட்சி எண்டு கதை வரும்."

எனக்கு விளங்கியது. அவருக்கு வேண்டியது பயணிகள் இல்லை.

நாலு பேருக்கு மூன்று பேர்தான் கிடைத்தார்கள். ஒரு சோடி பளையில் இருந்து: அவர் தென்னந்தோட்டத்தில் கணக்கப்பிள்ளை, மனைவி பள்ளிக்கூட ரீச்சர். போனில் யாரோ வெளிநாட்டில் கடலுக்குள் மிதந்து மீன் பார்க்கிற வீடியோவைப் பார்த்துவிட்டு ரீச்சர் ஆசைப்பட்டிருக்கிறார். மூன்றாவது ஆள் அக்கராயன் பக்கத்தில் எருமை வைத்திருக்கும் அக்கா. என் சொந்தம் இல்லை. அவவும் சின்னதில் மலையகத்தில் இருந்து வந்தவ என்பதால் எனக்கு அவவின் வீட்டில் எப்போதும் ஒரு கோப்பை சோறு உண்டு. முன்பு நாற்பது எருமை நின்ற பட்டி அது. கடைசிச் சண்டையில் புருசனும் போய், பட்டியும் போனது. திரும்பி வந்து, காட்டுக்குள் தனியே நின்ற ஒரு நாகை, ஈனாத இளம் எருமையைப் பிடித்துக் கட்டித் தொடங்கினா. இப்போது பதினொன்று நிற்கிறது. மகளை இரண்டு நாள் பட்டியைப் பார்க்கச் சொல்லிவிட்டு வந்தா. வாழ்நாளில் கடலில் கால் வைத்ததில்லை.

வரும்போது ஒரு முட்டி எருமைத் தயிர், மிதக்க உழவு மெசின் ரயர் ரியூப் ஒன்று, ஒரு சவர்க்காரக் கட்டி, மூன்றும் கொண்டுவந்தா. சவர்க்காரம் எதற்கு என்று கேட்டேன். அவ்வளவு தண்ணிக்குப் போய்க் குளிக்காமல் வருவதா என்று கேட்டா.

வாடைக் காற்று அடங்கித் தென்மேற்குச் சோளகம் எழும்பாத நாட்கள் அவை. கடல் தட்டில் ஊற்றிய எண்ணெய் மாதிரிக் கிடந்தது. கடற்படைக் காவலில் அடையாள அட்டை இலக்கங்களைப் பதிந்துகொண்டு விட்டார்கள். கரையில் சங்கத் தலைவர் வலை தைத்துக்கொண்டிருந்தார். அறுபது வயது தாண்டிய மனிதர், வாய் சும்மா இராது. ஆவுளியா இண்டைக்குத் தன் சொந்தக்காரரைப் பார்க்கப் போகுது என்று அடுத்தவருக்குச் சொன்னார், எங்களுக்குக் கேட்கும்படியாக. யாரைச் சொல்கிறார் என்று ரீச்சர் கேட்டார். படகின் பெயர் என்று சொல்லிச் சமாளித்தேன்.

முதலில் தீவுக்குப் போனோம். உப்புத் தரவை வெளியில் பூநாரைகள் ஒற்றைக்காலில் நின்றன. ரீச்சர் எண்ணத் தொடங்கி, அவை இடம் மாற மாற விட்டுவிட்டார். சனம் இல்லாத காலத்தில் விட்டுவந்த மாடுகள் அங்கே காட்டுமாடுகளாகி நிற்கின்றன. ஆளைக் கண்டதும் பற்றைக்குள் ஓடின. அக்கா பறவையைப் பார்க்கவில்லை. குனிந்து புல்லைப் பார்த்துக்கொண்டு நடந்தா. இது நேற்று மேய்ந்தது, இது இன்றைக்கு, இது பல்லுப் போன கிழடு மேய்ந்தது என்று தனக்குள் சொல்லிக்கொண்டு போனா. கணக்கப்பிள்ளை இதைப் போனில் வீடியோ எடுத்தார். அன்று அவர் எடுக்காதது ஒன்றுமில்லை, ஒன்றைத் தவிர.

பிறகு முருகைக்கல் இருக்கும் இடம். நெஞ்சளவு தண்ணி. அண்ணன் முகக்கண்ணாடிக்குள் துப்பித் துடைத்துக் கொடுத்தார்; அப்படிச் செய்தால்தான் மூச்சில் கண்ணாடி மங்காது. ரீச்சர் முகம் சுளித்துக்கொண்டே போட்டவர், தலையைத் தண்ணிக்குள் வைத்த பிறகு வெளியே எடுக்கவே இல்லை. கிளிமீன் கல்லைக் கடிக்கிற சத்தம் காதுக்குள் கேட்கிறது என்றார். ஒரு பேத்தை மீன் அவரைக் கண்டு பந்து மாதிரி ஊத, குழாயோடு சிரிக்கப்போய் உப்புத் தண்ணி குடித்தார். அக்கா ஒரு பக்கம் ரியூபைப் பிடித்துக்கொண்டு சவர்க்காரத்தைத் தேய்த்தா, தேய்த்தா, நுரை வரவில்லை. கடையில் ஏமாற்றிவிட்டான் என்றா. உப்புத் தண்ணியில் நுரைக்காது என்று யாரும் சொல்லவில்லை. அண்ணன் மட்டும் அந்தப் பக்கம் திரும்பித் தோள் குலுங்கச் சிரித்தார். அவர் சிரித்து நான் கண்டு நாளாகியிருந்தது.

மத்தியானம் படகிலேயே புட்டும் நண்டுக் குழம்பும் சாப்பிட்டோம். அதற்குப் பிறகு அண்ணன் இஞ்சினை மெதுவாக ஓட்டி, சாதாழை இடத்துக்குக் கொண்டுபோய் நிறுத்தினார். இஞ்சினை அணைத்துக் கம்பை ஊன்றினார். தண்ணி இரண்டு ஆள் ஆழம் இருக்கும். கீழே பச்சையாகத் தெரிந்ததே தவிர வேறொன்றும் தெரியவில்லை. படகு மெல்ல ஆடத் தொடங்கியது. ஓடும்போது பிடிக்காத தலைச்சுற்று நிற்கும்போது கணக்கப்பிள்ளையைப் பிடித்துக்கொண்டது. நண்டு வெளியே வந்தது. ரீச்சர் அவர் முதுகைத் தடவிக்கொண்டு மற்றப் பக்கம் பார்த்திருந்தார்.

இங்கே என்ன பார்க்க இருக்கிறது என்று அக்கா கேட்டா. புல்லுத்தான் என்றார் அண்ணன். புல் என்றால் அவ விடுவாவா? கண்ணாடியைப் போட்டு, ரியூபில் நெஞ்சைப் போட்டுக் குப்புறக் கிடந்தா. நான் ரியூபின் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கொஞ்ச நேரத்தில் தலையைத் தூக்கினா.

"ஆரின்ர மாடு இஞ்ச இறங்கி மேஞ்சிருக்கு?"

அண்ணனின் கை கம்பில் அப்படியே நின்றது. இரண்டு வருடத்தில் அந்தக் கரையில் ஒருவரும் கேட்காத கேள்வி அது.

"ஏனக்கா?" என்றார்.

"வரிவரியா மேஞ்சு கிடக்கு. ஒரு சாண் அகலத்துக்கு வளைஞ்சு வளைஞ்சு போகுது. மாடெண்டா வேரை விடும். இது வேரோட பிடுங்கித் திண்டிருக்கு. மண் இன்னும் வெள்ளையாக் கிடக்கு, காலமைதான் மேஞ்சது." குழாயை வாயில் வைக்கப் போனவ திரும்பவும் எடுத்தா. "பக்கத்தில சின்ன வரி ஒண்டும் ஓடுது. கண்டுக்குட்டி வாய் பழகுது."

அண்ணன் தான் கண்ட அன்றைக்குக்கூடக் குட்டி இருந்ததாகச் சொல்லவில்லை. அவர் என்னைப் பார்த்தார். நான் சொல்லவில்லை என்று தலையை ஆட்டினேன்.

மேய்ச்சல் எந்தப் பக்கம் போகிறது என்று மட்டும் அவர் கேட்டார். அக்கா கையைக் காட்டினா. அவர் கம்பை ஊன்றி ஊன்றிச் சத்தமில்லாமல் அந்தப் பக்கம் படகைத் தள்ளினார். நான் கயிற்றை விட்டுக் கொடுத்தும் இழுத்தும் ரியூப் படகில் முட்டாமல் பார்த்தேன். இடையில் முடிச்சு இளகியது. அவ நீந்தத் தெரியாதவ, கீழே இரண்டு ஆள் தண்ணி. நான் குனிந்து முடிச்சைப் பிடித்து இறுக்கிக்கொண்டிருந்தேன். அந்த நேரத்தில்தான் முன்னுக்கு எங்கேயோ ஒரு மூச்சுச் சத்தம், ரயரில் காற்றுப் போகிற மாதிரி. நிமிர்ந்தபோது வெயில் தண்ணியில் பட்டுக் கண் கூசியது. வட்டமாக ஒரு சுழி விரிந்துகொண்டிருந்தது. அவ்வளவுதான். அண்ணன் இரண்டு கையாலும் கம்பைப் பிடித்துக்கொண்டு, நெஞ்சு நிமிர்ந்து, அழுகிறவர் மாதிரி நின்றார்.

அக்கா எவ்வளவோ நேரம் தலையைத் தூக்கவில்லை. பயந்து கயிற்றை இழுத்தேன். ஒரு கையைப் பின்னால் நீட்டி, இழுக்காதே என்று என்னை அதட்டினா.

கரைக்கு வரும்போது வெயில் சாய்ந்திருந்தது. தலைவரும் ஐந்தாறு பேரும் இன்னும் வலைக்குப் பக்கத்தில் இருந்தார்கள்.

"என்ன ஆவுளியா, உன்ர ஆள் வந்து கைகாட்டினாரோ?"

"ஓம், கண்டனாங்கள்" என்றார் அண்ணன். வழமையாகப் பேசாமல் போகிறவர் அன்றைக்கு நின்று சொன்னார்.

எல்லோரும் சிரித்தார்கள். தலைவர் கணக்கப்பிள்ளையைப் பார்த்தார். அவர் முகம் வெளிறி மணலில் குந்தியிருந்தார். போனில் பூநாரையும் புல்லும் நண்டுக் குழம்பும் இருந்தன, அது இல்லை. ரீச்சர் தான் அந்தப் பக்கம் பார்க்கவில்லை என்றார். கடைசியில் தலைவர் என்னிடம் வந்தார்.

"தம்பி, நீ அவன்ர ஆள்தானே. நீ கண்டனியோ?"

நான் பொய் சொல்லாதவன் இல்லை. வேலை கேட்ட இடங்களில் எல்லாம் தெரியாததைத் தெரியும் என்று சொல்லித்தான் உள்ளே போயிருக்கிறேன். ஓம் என்று ஒரு சொல். அண்ணன் என்னைப் பார்க்காமல் படகின் ஓரத்தைத் தடவிக்கொண்டிருந்தார். ஆனால் நான் ஓம் என்றால், அதற்கு அடுத்த கேள்வி எப்படி இருந்தது என்பதாக இருக்கும். அதற்கு என்னிடம் வெயில் மட்டும்தான் இருந்தது.

"இல்லை" என்றேன். "நான் கயிறு பிடிச்சுக்கொண்டு நிண்டனான். காணேல்லை."

சிரிப்பு வரும் என்று நினைத்தேன். வரவில்லை. அவன்ர ஆளே இல்லை என்கிறான் என்று ஒருவர் முணுமுணுத்தார். அது அண்ணனைப் பொய்யன் என்றதா, நாங்கள் கதை சோடித்து வரவில்லை என்றதா என்று எனக்கு அப்போது பிடிபடவில்லை.

அக்கா அலைக்கரையில் சாப்பிட்ட பாத்திரங்களைக் கழுவிக்கொண்டிருந்தவ, அங்கிருந்தபடியே சத்தம் போட்டா.

"அவனை என்ன கேக்கிறியள்? நானெல்லோ பாத்தனான். கண்டுத்தாய்ச்சியைப் பார்வையில்லாமல் விட்டிட்டு இருக்கிறியள், நீங்களெல்லாம் என்ன ஆக்கள்?"

தலைவர் ஊசியைக் கீழே வைத்தார். முதுகில் செட்டை இருந்ததா என்று கேட்டார். ஓங்கில் என்கிற டொல்பினைக் கண்டுவிட்டு ஏமாந்திருப்பா என்பது அவருடைய எண்ணம். செட்டையும் இல்லை, பூட்டையும் இல்லை, எண்ணெய் பூசின எருமை முதுகு என்றா அக்கா.

"உடம்பை விடுங்கோ. மடிதான் எனக்குப் பிடிபடேல்லை. நான் பின்னால தேடுறன், அங்க ஒண்டுமில்லை. பாத்தா, கையடியில, கமுக்கட்டுக்குள்ள கிடக்கு காம்பு. கண்டு அங்கதான் மூஞ்சியை வச்சுக்கொண்டு போகுது. அதை எப்பிடிக் கறக்கிறது?"

தலைவர் எழும்பினார். சின்ன வயதில் தகப்பன் ஆட்கள் ஒன்றைக் கரையில் இழுத்துப் போட்டதையும், பொம்பிளையள் அதன் கமுக்கட்டைக் காட்டிச் சிரித்ததையும் மெதுவாகச் சொன்னார். அந்தக் கரையில் அந்தக் காம்பைக் கண்டவர்களில் தான் மட்டுமே மிச்சம், அதை இதுவரை யாருக்கும் சொன்னதில்லை என்றார். பிறகு அக்காவிடம் திரும்பி, கன்றோடு நிற்கிறது ஒரு நாளைக்கு எவ்வளவு தூரம் மேயும் என்று கேட்டார். புல் நிற்கும்வரை கன்றுத்தாய்ச்சி தூரம் போகாது என்றா அவ. முட்டியில் மிச்சமிருந்த தயிரைச் சீனி போட்டுக் கணக்கப்பிள்ளைக்குக் கொடுத்தா. அதற்குப் பிறகுதான் அவருக்கு உயிர் வந்தது.

மூன்றாம் நாள் சங்கத்தில் கதைத்து, அந்தச் சாதாழையைச் சுற்றித் தடி நடுவதென்று முடிவானது. அக்கா சொன்னபடி புல் முடிகிற இடத்தைத்தான் எல்லையாக எடுத்தார்கள். உரப்பையைக் கிழித்துக் கொடி கட்டி, பன்னிரண்டு தடி. தலைவரும் அண்ணனும் ஒரே படகில் வந்தார்கள். "ஆவுளியா, அந்தத் தடியைக் கொஞ்சம் வெளியால தள்ளு" என்று தலைவர் சொல்ல, அண்ணன் "ஓம் ஓம்" என்று தள்ளினார். பெயர் மாறவில்லை. மாறவேண்டும் என்று அவரும் கேட்கவில்லை.

நான் தடியைப் பிடித்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு தடிக்கும் இடையில் தண்ணியைப் பார்த்தேன். அன்றைக்கும் ஒன்றும் எழும்பவில்லை. அந்தக் கரையை விட்டு நான் போகவில்லை; இப்போது எட்டாவது மாதம். காலும் இன்னும் அரிக்கவில்லை.