மாலை ஆறு மணி என்று சொன்ன வாய்

போலீஸ்காரர்களுக்குத் தொலைபேசியில் சட்ட ஆலோசனை சொல்லும் வேலையைப் பாளையங்கோட்டையில் பார்க்கிறேன். கோர்ட்டுக்குப் பின்னால் ஒரு அறை, ஒரு போன், ஒரு பதிவேடு, நான். இருபது வருடம் வக்கீலாக ஓட்டியவன்தான். ஆனாலும் மணி அடித்து, "ஸ்டேஷன்ல இருந்து பேசுதேன்" என்று குரல் கேட்டால் எழுந்து நின்றுவிடுவேன். செருப்பையும் மாட்டிக்கொள்வேன். எங்கே ஓடுவதற்கு என்று கேட்டால் பதில் கிடையாது.

ஒருநாள் சேவையை மேம்படுத்தச் சொல்லி உத்தரவு வந்தது. எங்கள் பொறுப்பாளர், ஓய்வுபெற்ற அரசு வக்கீல், இரண்டு யோசனை வைத்திருந்தார். காத்திருக்கும்போது கேட்கும் இசையை மாற்றுவது. பேசியவருக்குத் திருப்தியா என்று பதிவேட்டில் ஒரு கட்டம் போடுவது. நானும் ஸ்கேல் வைத்து அழகாகக் கட்டம் போட்டேன்.

மறுநாள் காலை ஒன்பதரைக்கு நாங்குநேரிப் பக்கத்திலிருந்து ஒரு ஏட்டு பேசினார்.

"வக்கீல் சார், சின்ன சந்தேகம். பம்புசெட்டு மோட்டார் திருட்டுன்னு ஒருத்தன நேத்து காலையில பத்து மணிக்குக் கூட்டிட்டு வந்தோம். மாஞ்சோலை தேயிலைத் தோட்டத்துல இருந்து எறங்கி வந்த பய. இன்னும் கைதுன்னு எழுதல. எத்தன மணின்னு எழுதுனா தோதா இருக்கும்?"

"பத்துன்னே எழுதலாமே ஏட்டையா?"

"அப்ப இன்னும் அரை மணி நேரத்துல கோர்ட்டுக்குக் கெளம்பணும்லா? அவன் இன்னும் வாயத் தெறக்கல. சாயங்காலம் வரைக்கும் இங்கன கெடந்தாம்னா தெறந்துருவான்."

மகள் கல்யாணத்துக்கு முகூர்த்தம் கேட்பவரின் குரல். அவருக்குப் பின்னால் யாரோ இருமினார்கள். இருபத்து நான்கு மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும் என்று மேடையில் முழங்கும் அதே வாய், "நேத்து சாயங்காலம் ஆறுன்னு போடுங்க" என்றது. எனக்கு முன் அந்த நாற்காலியில் இருந்தவர் மேசைக் கண்ணாடிக்கு அடியில் சீட்டாகவே எழுதி வைத்துவிட்டுப் போன பதில் அது: 'நேரம் கேட்டால், மாலை 6.'

"ரொம்ப திருப்தி சார்" என்று அவராகவே சொல்லிவிட்டு வைத்தார். கட்டத்தில் 'ஆம்' எழுதினேன். காறல் எண்ணெயில் பொரித்த வடையைத் தின்றதுபோல நாக்கு கசந்தது. என் வாய் அந்த ஏட்டுக்கு எட்டு மணி நேரத்தைத் தூக்கிக் கொடுத்திருக்கிறது. அவ்வளவு நேரமும் இருமியவன் அடி வாங்குவான்.

கழிப்பறைக்குப் போனேன். வந்து தண்ணீர் குடித்தேன். மறுபடி போனேன். பத்தாக ஏழு நிமிடம் இருக்கும்போது அவரைத் திரும்ப அழைத்தேன்.

"ஏட்டையா, ஆறுன்னு சொன்னது தப்பு. நேத்து பத்து மணிக்கே கூட்டிட்டு வந்ததா நீங்க சொன்னத என் பதிவேட்டுல எழுதிட்டேன்."

பொய். பேனா மூடியைக்கூட நான் திறக்கவில்லை.

"எழுதிட்டீரா? வே, ஒம்மகிட்ட யோசனைதான கேட்டேன். சாட்சி சொல்லவா கூப்புட்டேன்?"

"ஒடனே கெளம்புங்க. வழியில ஆகுற நேரம் கணக்குல வராது."

அதற்கு அவர் சொன்னதை இங்கே எழுத முடியாது. போனை வைத்தபிறகுதான் பதிவேட்டில் எழுதினேன். எழுத்து புழுவாக நெளிந்தது.

மத்தியானம் மறுபடி அவரே. "சந்தோசமா வே? மாஜிஸ்திரேட் கைய நீட்டச் சொன்னாரு. வீங்கிப்போய்க் கெடந்தத நீட்டிட்டான். சொந்த ஜாமீன்ல விட்டுட்டாரு. இனி ஒமக்குப் போன் போட்டா என்னயச் செருப்பால அடியும்."

ஒரு டீ குடிக்கும் நேரம் நான் வீரனாக இருந்தேன். மேசைக் கண்ணாடிக்கு அடியில் இருந்த சீட்டைக் கிழித்தேன். அடுத்த கூட்டத்தில் எழுந்து, 'ஆள் எப்போதிலிருந்து நிலையத்தில் இருக்கிறார்?' என்று பதிவேட்டில் இன்னொரு கட்டம் வேண்டும் என்றேன். இதைக் கேட்டு எழுதிய பிறகுதான் ஆலோசனை சொல்ல வேண்டும் என்றும் சொன்னேன். பொறுப்பாளர் உடனே ஒப்புக்கொண்டார். அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

இப்போது ஒவ்வொரு அழைப்பிலும் அதைக் கேட்கிறேன். எல்லா ஸ்டேஷனிலிருந்தும் ஒரே பதில்தான்: "இப்பத்தான் சார் வந்தான்." சில நாள் பின்னால் யாரோ முனகுவது கேட்கும். நான் எழுந்து நின்று, செருப்பை மாட்டிக்கொண்டு, 'இப்போதுதான்' என்று என் கையாலேயே எழுதுகிறேன். பக்கம் பக்கமாக அதுதான் இருக்கிறது. பக்கத்துக் கட்டத்தில், திருப்தி: ஆம்.