பக்டீரியாப் பொடி விற்ற வருஷங்கள்

பூச்சிமருந்து வாங்க வருகிறவர் மருந்தின் பெயரைக் கேட்கமாட்டார். எவ்வளவு நேரத்தில் சாகும் என்றுதான் கேட்பார். இந்தத் தொழிலில் இடிபட்டவர்களுக்கு இதை நான் சொல்லத் தேவையில்லை. யுத்த காலத்தில் கட்டுகஸ்தோட்டையில் ஒரு விவசாய மருந்துக் கடையில் வேலை பார்த்தேன். நான் யாழ்ப்பாணத்துக்காரன், விஞ்ஞானப் பட்டதாரி. முதலாளி என் தலையில் கட்டியது பக்டீரியாவிலிருந்து செய்த ஒரு பொடி. எப்போது ஊரடங்கு வரும், எந்த பஸ்ஸை மறிப்பார்கள் என்று தெரியாத நாட்களில், "மூன்று நாள் பொறுங்கோ" என்று சொல்லி விற்க வேண்டிய மருந்து அது.

உயிரோடு வந்த புழு

அலவத்துகொடவில் கோவா என்கிற முட்டைக்கோஸ் பயிரிட்ட ரசீன் நானாதான் என் முதல் வாடிக்கையாளர். திங்கள் பின்னேரம் மருந்தடித்தவர், செவ்வாய் காலை கடை திறக்குமுன் வாசலில் நின்றார். கையில் ஒரு பை, அதற்குள் ஒரு கோவா இலை, இலையில் நெளிகிற புழு.

விளக்கினேன். புழு தின்ற பொடி அதன் குடலில் கரையும். பொடியிலுள்ள புரதம் குடல் சுவரில் தனக்குப் பொருந்துகிற இடத்தைப் பிடித்துக்கொள்ளும். பிடித்த இடத்தில் ஓட்டை விழும். தின்பது அன்றே நின்றுவிடும். சாக இரண்டு மூன்று நாள் செல்லும். நம் குடலில் அது பிடிக்க இடமில்லை, ஆகவே நமக்குப் பயமில்லை. "இலையைப் பாருங்கோ நானா, புதுசாய் ஒரு கடிகூட இல்லை." அவர் இலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"தம்பி, ஒங்கட மருந்தால புழு நோம்பு புடிச்சிட்டு ஈக்குது, மௌத்தாகல்லயே!"

பையில் என்ன?

புழுக்கள் வியாழக்கிழமை செத்தன. பேச்சுப் பரவி, தெல்தெனியவில் ஒரு தோட்டக்காரர் கூப்பிட்டார். பெயர் ஒட்டாத பைகளில் பொடியை எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன். வழியில் இராணுவம் மறித்தது. யாழ்ப்பாணத்து அடையாள அட்டை, வெள்ளைப் பொடி. என்ன இது என்று கேட்ட சிப்பாயிடம், பதற்றத்தில் "பக்டீரியா" என்று சொல்லித் தொலைத்தேன். அவன் இரண்டடி பின்னால் போனான். பஸ் என்னை விட்டுவிட்டுப் போனது.

இரண்டு மணித்தியாலம் வெயிலில் ஒரு வாங்கில் இருத்தினார்கள். உள்ளே கொண்டுபோனால் யாருக்கும் தெரியவராது. கடைசியில் அதிகாரி வந்தார். குடலும் புரதமும் என் அரைகுறைச் சிங்களத்துக்குள் அடங்கவில்லை. ஒரு சிட்டிகைப் பொடியைத் தண்ணீரில் கலக்கி அவர் முன்னால் குடித்துவிட்டேன். அவர் என் அட்டையைத் திருப்பித் தந்தபடி சிங்களத்தில் கேட்டார்:

"நீயே சாகவில்லை, பிறகு புழு எப்படிச் சாகும்?"

பிடி கிடைக்காத மருந்து

மூன்றாம் வருஷம் ரசீன் நானா மறுபடி ஆளனுப்பினார். தோட்டத்துக்குப் போனேன். இலை எல்லாம் புழு தின்று வலையாகியிருந்தது. வேலை செய்கிற மருந்து என்று வாராவாரம் அதையே அடித்திருக்கிறார். முன்பு தப்பிய ஒன்றிரண்டு புழுக்களின் குடலில் அந்த இடம் மாறியிருந்திருக்கும். இப்போது தோட்டம் முழுக்க அவற்றின் வம்சம். புரதத்துக்குப் பிடிக்க இடமில்லை.

முதலாளி சொல்லி அனுப்பியது, "டபுளாக அடிக்கச் சொல்லுங்க" என்பது. என்னால் சொல்ல முடியவில்லை. "நானா, இதை நிறுத்துங்கோ. கோவாவைப் பிடுங்கிவிட்டு போஞ்சி போடுங்கோ" என்றேன். அவர் வரப்பில் குந்தி ஒரு இலையைப் பிய்த்துப் பார்த்தார். பிறகு எழுந்து முதல் செடியை அவரே பிடுங்கினார். நானும் சேர்ந்து பிடுங்கினேன். போஞ்சி பீன்ஸ் வகை, இந்தப் புழு அதில் வாய் வைக்காது. அதுதான் அவரைக் காப்பாற்றியது. பிறகு கோவா போட்டபோது, மருந்தை மாற்றி மாற்றி அடித்து ஓரளவு விளைச்சல் எடுத்தார்.

ஆனால் அன்று, கையெல்லாம் மண்ணோடு கடைக்குத் திரும்பி நடந்ததைச் சொன்னதும் முதலாளி கதிரையிலிருந்து எழும்பிவிட்டார்.

"நீங்க மருந்து விக்க வந்தீங்களா, பாடம் நடத்த வந்தீங்களா?"

அந்தத் தொழிலில் நான் கொன்ற புழுக்களைவிட, கொடுத்த விளக்கங்கள்தான் அதிகம்.