இறகு தரையைத் தொட்டது

ஊர்வலத்தின் சத்தம் முதுகுக்குப் பின்னால் தேய்ந்துகொண்டிருந்தது. அண்ணன் முன்னால் நடந்தான். அவனுடைய உயரமான வெள்ளைத் தொப்பியைச் சுமந்துகொண்டு நான் பின்னால் ஓடினேன். எனக்கு எட்டு வயது. ஜெர்மனியில் எசனுக்குப் பக்கத்தில் ஒரு சிறு நகரம், மாசிக் குளிர், கார்னிவல் திருவிழா ஊர்வலம் போகும் திங்கட்கிழமை. ஊர்வலம் முடியும் முன்பே ஏன் வீட்டுக்குப் போகிறோம் என்று எனக்கு விளங்கவில்லை. தொப்பி என் கையில் இருந்ததால் கேட்கவும் தோன்றவில்லை.

அண்ணன் அந்த நகரத்து அணிவகுப்பு வாத்தியக் குழுவில் மேளம் அடித்தான். அவன் மனம் இருந்ததோ அமெரிக்காவில், கறுப்பினப் பிள்ளைகளுக்கென்று முன்னொரு காலத்தில் தொடங்கிய கல்லூரிகளின் வாத்தியக் குழுக்களில். பள்ளிக்கூடம் முடித்த வருடம் முழுவதும் அந்தக் காணொளிகள்தான். குழுவின் தலைவன் தனியாக மைதானத்துக்குள் வருவான். முழங்கால் நெஞ்சைத் தொடும்படி எகிறி நடப்பான். பிறகு தொப்பியின் இறகு தரையைத் தொடும் வரை அப்படியே பின்னால் வளைவான். பின்னால் மொத்தக் குழுவும் அசையாமல் நிற்கும். அவன் நிமிர்ந்து விசில் ஊதினால்தான் மேளத்தில் முதல் அடி விழும். எங்கள் வீட்டில் அண்ணன் சோபாவைத் தள்ளிவிட்டு வளைந்து பழகினான். தலைக்குக் கீழே தலையணை வைப்பது என் வேலை. முதுகு முறிந்தால் யார் பார்ப்பது என்று அம்மா குசினியில் சமைத்தபடியே கேட்பார்.

குழுவின் பழைய தலைவருக்கு முழங்கால் போய்விட்டது. இந்த முறை நீ முன்னால் நட, சரியாக வந்தால் தலைவர் ஏந்தும் கோல் இனி உனக்குத்தான் என்று அண்ணனிடம் சொல்லியிருந்தார். துப்புரவு வேலை செய்த அப்பா தன் பங்குக்கு ஒன்று சொன்னார்.

"கோல் கிடைச்சால் நான் வாய் திறக்க மாட்டன். கிடைக்காட்டி அடுத்த நாள் விடிய என்னோட வேலைக்கு வா."

நகரசபைக்கு முன்னால் அண்ணன் வளைந்தான். இறகு தெருக்கல்லைத் தொட்டது. பழகியபடி எல்லாரும் நின்றார்கள். ஆனால் அந்த ஊர்வலத்தில் ஒரு வழக்கம் உண்டு. முன்னால் போகும் அலங்கார வண்டிக்கும் குழுவுக்கும் நடுவே இடைவெளி விழக்கூடாது. யாராவது விழுந்தால்கூட வரிசை பிரிந்து சுற்றிப் போய்ச் சேர்ந்துகொள்ளும். வண்டி தூரம் போய்விட்டது. ஓரமாக நடந்துவந்த பழைய தலைவர் தன் விசிலை ஊதினார். மேளம் விழுந்தது. அண்ணன் வளைந்தபடியே இருக்க, வரிசை இரண்டாகப் பிரிந்து அவனைக் கடந்து போனது. அவன் நிமிர்ந்தபோது பின்னால் அடுத்த வண்டியை இழுத்துவந்த டிராக்டர் மட்டும் நின்று ஹோர்ன் அடித்தது.

தெரு ஓரத்தில் நின்ற நான் துள்ளித் துள்ளிக் கைதட்டினேன்.

அவர் வேண்டுமென்று ஊதினாரா என்று இன்றும் எனக்குத் தெரியாது. நான் பிறகு பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டு ஊர் ஊராக வேலை பார்த்தவள். பெரும்பாலும் யாரும் வேண்டுமென்று செய்வதில்லை. இடைவெளி விழக்கூடாது, அவ்வளவுதான்.

அன்று வீட்டுக்குப் போகும் வழியில் ரயில் பாலத்தில் ஏறும்போது நான் சொன்னேன்: "அண்ணை, நீங்கள் வளைஞ்சதைவிட அவங்கள் ரெண்டாப் பிரிஞ்சு போனதுதான் வடிவு. எப்பிடிப் பழக்கினனீங்கள்?"



"அது நான் பழக்கேல்லை. அவங்களுக்கு முதலே தெரியும்."

"வாற வருசமும் செய்வீங்களோ?"

"தொப்பியை நிலத்தில போடாதை, பிள்ளை. திருப்பிக் குடுக்கோணும்."

மறுநாள் இருட்டோடு அவன் அப்பாவுடன் போனான். திரும்பி வந்தபோது சட்டைப்பை நிறைய மிட்டாய், ஊர்வல வண்டிகளிலிருந்து கூட்டத்துக்கு எறிகிற அதே மிட்டாய். இரண்டாம் நாளும் ஊர்வலம் நடந்திருக்கிறது, என்னை விட்டுவிட்டுப் போய்விட்டான் என்று நான் அழுதேன். அவர்கள் ஊர்வலம் போன அந்தத் தெருவைக் கூட்டிவிட்டு வந்திருந்தார்கள்.