கட்டடக் கலைஞர் துடைத்த தரை

சுவிற்சர்லாந்தின் ஆரா நகரில் ஒரு கட்டடக் கலைஞரின் அலுவலகத்தைச் சனிக்கிழமைகளில் துப்புரவு செய்துவந்தேன். அந்தக் கட்டடத்தை வரைந்தவரும் அவர்தான். ஒடிசலான, நெடிய மனிதர். யார் கதவைத் தட்டினாலும், தபால்காரராக இருந்தாலும், முதலில் ஒரு கோப்பை சூப்பை வைத்துவிட்டுத்தான் என்ன விஷயம் என்று கேட்பார்.

ஒருநாள் முதியோர் இல்லத்தில் பார்த்த மற்ற வேலையை முடித்துவிட்டு நேரே அங்கே போனேன். கால்கள் உளைந்தன.

"முதலில சாப்பிடுங்கோ" என்றார், ஜெர்மனில்.

"வேலை கிடக்கு" என்றேன்.

"இது நான் வரைஞ்ச கட்டடம். ஒரு மணித்தியாலம் ஊத்தையா இருக்கச் சொன்னால் கேக்கும்."

சூப்பைக் குடித்த கையோடு மேசையில் தலைசாய்த்துத் தூங்கிவிட்டேன். விழித்தபோது அவர் காற்சட்டையை முழங்கால்வரை மடித்துவிட்டு மொப்புத் தடியால் தரையைத் துடைத்துக்கொண்டிருந்தார். எங்கும் ஒரே தண்ணீர்.

"ஐயோ, விடுங்கோ! துப்புரவுக் கொம்பனிக்குத் தெரிஞ்சால் என்ரை வேலை போயிடும்" என்று பதறினேன்.

"அப்ப மொப்பை எப்பிடிப் பிடிக்கிறது எண்டு காட்டுங்கோ" என்றார்.

காட்டினேன். அப்போதும் அவருக்குச் சரிவரவில்லை. முழுவதையும் நானே திரும்பத் துடைத்தேன். அலுப்பாகத்தான் இருந்தது, ஆனால் கோபம் வரவில்லை.

சில வருடங்களில் அவர் இறந்துபோனார். நினைவுக் கூட்டத்தில் அவர் கட்டிய பள்ளிக்கூடங்களைப் பற்றியும் கொடுத்த விருந்துகளைப் பற்றியும் பலர் பேசினார்கள். வெளியே வரும்போது அவருடைய மனைவியிடம் மட்டும், அவர் தரை துடைத்த கதையை நான் சொன்னேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"வீட்டில ஒருநாளும் அவர் மொப்பைத் தொட்டதில்லை" என்றார்.

அதைப் பெருமையாகச் சொன்னாரா, குறையாகச் சொன்னாரா என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.