ஐந்து மீனுக்கு ஐந்து வீடு

பட்டாபி சார் முப்பத்திரண்டு வருடமாக அரசு ஊழியர்களுக்கு வீடு ஒதுக்கும் அலுவலகத்தில் வேலை பார்க்கிறார். யாருக்கு எந்த வகை வீடு, யார் வரிசையில் எத்தனையாவது என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. ஒரே குவார்ட்டர்ஸில் இரண்டு குடும்பம் அடைந்து கிடப்பதைப் பார்த்தால் அவருக்குத் தாங்காது. "இடம் இல்லேன்னாத்தான் மனுஷா அடிச்சுக்கறா, பூங்கோதை. ஆளுக்கொரு கதவு குடுத்துப் பாருங்கோ, சண்டையே இருக்காது" என்று என்னிடம் சொல்வார். தலைநகரில், மோதி பாக் குடியிருப்பில் அவர் வீட்டுக்குக் கீழ்வீடு எங்களுடையது. எனக்கும் என் மாமியாருக்கும் ஒரே சமையலறை என்பதால் அவர் சொன்னது எனக்கு நியாயமாகவே பட்டது.

அவர் மனைவி காமாக்ஷி டீச்சர். இங்கே தமிழ்ப் பள்ளியில் இருபத்தாறு வருடம் பாடம் நடத்தியவர். என் இரண்டு பிள்ளைகளுக்கும் அவர்தான் எழுத்து சொல்லிக் கொடுத்தார். இரண்டு வருடத்துக்கு முன்னால் பக்கவாதம் வந்து வலது கையும் பேச்சும் போய்விட்டன. நாம் பேசுவதெல்லாம் அவருக்குப் புரியும், பதில்தான் சொல்ல முடியாது. இடது கையால் எழுதிப் பார்த்தார், எழுத்து கூடவில்லை. 'ம்' என்று ஒரு சத்தம் மட்டும் வரும். அது வந்தவுடன் பட்டாபி சார், "காப்பியா? இதோ" என்று எழுந்துவிடுவார். இல்லை என்று டீச்சர் தலையாட்டுவதற்குள் அடுப்பு எரிந்துகொண்டிருக்கும். நல்ல மனிதர். பொறுமைதான் கிடையாது.

கண்ணுக்கு எதிரே ஏதாவது அசைந்துகொண்டிருந்தால் நல்லது என்று டாக்டர் சொன்னதால் சார் மீன் வாங்கப் போனார். மீன் வீட்டுக்குள் வரலாம், அதற்குத் தீனியாகப் புழுவும் இறாலும் வரக்கூடாது என்பது அவர் நிபந்தனை. கடைக்காரர் சிரிக்காமல் ஒரு தொட்டியைக் காட்டினாராம். ஆப்பிரிக்காவில் ஒரு பெரிய ஏரியில் பாறைமேல் படியும் பாசியைச் சுரண்டித் தின்கிற சிக்லிட் வகை. "ஏக்தம் வெஜிடேரியன், சாப்" என்றாராம், சுத்த சைவமாம். பன்னிரண்டு வாங்கி வந்தார். ஒன்று கருநீல ஆண், மற்ற பதினொன்றும் மஞ்சள் பெண்கள். கூட்டமாகவே வையுங்கள், குறைத்தால் வம்பு என்று கடைக்காரர் சொல்லியனுப்பியிருந்தார். "மீன் விக்கறவன் வேற எப்படிச் சொல்வான்?" என்று சார் என்னிடம் சிரித்தார்.

சைவம் என்றால் சாது என்று நான் நினைத்திருந்தேன். கருநீலன் வந்த அன்றே பெரிய பாறையைத் தன் பெயருக்கு எழுதிக்கொண்டான். அடியில் இருந்த மணலை வாய் வாயாக அள்ளி எதிர்மூலையில் கொண்டுபோய்த் துப்பினான். சார் காலையில் நிரவி வைப்பார், மத்தியானத்துக்குள் பழையபடி குழி விழுந்திருக்கும். அதைப் பார்த்து டீச்சர் சிரித்தார். இரண்டு வருடத்தில் அந்த முகத்தில் சிரிப்பை நான் பார்த்தது அன்றுதான்.

அழகான மீன் எத்தனையோ உண்டு. இவற்றுக்குப் புத்தியும் இருந்தது. சார் கிட்டே வந்தால் தீனிக்கு ஓடிவரும், நான் வந்தால் பாறை இடுக்கில் புகுந்துகொள்ளும். சும்மா உட்கார்ந்திருக்கும் டீச்சரை ஒன்றும் சட்டை செய்யாது, எல்லாக் காரியத்தையும் அவர் முன்னாலேயே நடத்தும். காலையிலிருந்து தொட்டி விளக்கை அணைக்கும்வரை அவர் பார்த்துக்கொண்டே இருப்பார். யார் யாரைத் துரத்துகிறார்கள், யார் எங்கே ஒதுங்குகிறார்கள் என்பது அவருக்குத் தெரிந்த அளவு அந்தக் கடைக்காரருக்கே தெரிந்திருக்காது.

டிசம்பரில் ஒருநாள் டீச்சர் என் புடவையைப் பிடித்து இழுத்து ஒரு மஞ்சள் மீனைக் காட்டினார். தீனி போட்டும் அது வரவில்லை. தாடை மட்டும் உப்பியிருந்தது. போனில் தேடிப் படித்துச் சொன்னேன். "டீச்சர், முட்டைய வாயில வச்சிருக்குதாம். குஞ்சு பொரிச்சு நீந்துற வரைக்கும் மூணு வாரம் ஒண்ணும் தின்னாதாம்." டீச்சருக்குக் கண் நிறைந்துவிட்டது. எனக்கும்தான்.

அன்று முதல் தினசரி காலண்டரில் தாளை இடது கையால் கிழித்து மடியில் சேர்த்து வைத்தார். இருபத்தொரு தாள் சேர வேண்டும். பிசியோதெரபிக்கு வரும் பெண்ணுக்குக்கூட அந்த மீனைக் காட்டிவிட்டுத்தான் கையை நீட்டுவார். அந்தக் குஞ்சுகள் வெளியே வருவதற்குக் காத்திருந்த மாதிரி இந்த இரண்டு வருடத்தில் அவர் எதற்கும் காத்திருந்ததில்லை.

பன்னிரண்டாம் தாள் கிழித்த ஞாயிற்றுக்கிழமை சார் ஒரு முடிவெடுத்தார். கருநீலன் ஓயாமல் யாரையாவது துரத்திக்கொண்டிருந்தான். இப்போது ஒருத்தியை, அடுத்த நிமிடம் இன்னொருத்தியை. பிள்ளைத்தாய்ச்சி மீன் இந்த நெருக்கடியில் அல்லாடுவதைப் பார்க்க சாருக்கு மனசு கேட்கவில்லை. "பன்னெண்டு பேரை ஒரே ரூம்ல அடைச்சா அடிச்சுக்காம என்ன பண்ணும்?" என்றார். ஏழு மீனைப் பிடித்து அலுவலக நண்பர் அர்விந்த் வீட்டுத் தொட்டிக்கு அனுப்புவது, மிச்சம் ஐந்துக்கும் ஆளுக்கொரு சின்ன பூத்தொட்டியை வாசல் உடைத்துக் கவிழ்த்து வைப்பது என்று திட்டம். காகிதத்தில் வரைபடமே போட்டிருந்தார். மூலையில் இருந்த பெரிய வீடு பிள்ளைத்தாய்ச்சிக்கு.

அவர் வலையைத் தண்ணீரில் விட்டதும் டீச்சர் நாற்காலியின் கையை அறைந்தார். "ம்... ம்" என்று குரல் உயர்ந்தது.

"எங்கேயும் போயிடல டி, அர்விந்த் ஆத்துல சௌக்யமா இருக்கும்" என்றார் சார்.

டீச்சர் தலையை வேகமாக ஆட்டி மறுபடி அறைந்தார். வாளியைப் பிடித்துக்கொண்டு நின்றவள் நான். "ஒருநாள் போய்ப் பாத்துட்டு வரலாம் டீச்சர்" என்றேன். அன்று எனக்கு இருந்த அறிவு அவ்வளவுதான். நினைத்தால் இன்றும் என்மேலேயே கோபம் வருகிறது.

மறுநாளே தெரிந்துவிட்டது. பதினொரு பேரைத் துரத்தவேண்டி இருந்தவரை கருநீலனின் ஆங்காரம் ஆளுக்குக் கொஞ்சமாகப் பங்கு போயிருந்தது. ஒருத்தியை விரட்டும்போது குறுக்கே இன்னொருத்தி வருவாள், முதலாமவள் தப்பிவிடுவாள். இப்போது குறுக்கே வர ஆளில்லை. சார் கட்டிக் கொடுத்த வீடுகளிலெல்லாம் அவனே நுழைந்து நுழைந்து வந்தான். இரண்டு வாரம் பட்டினி கிடந்து ஓட வலுவில்லாதவள் பிள்ளைத்தாய்ச்சிதான். எல்லா அடியும் அவளுக்கே விழுந்தது. துடுப்பு கிழிந்து, தொட்டி ஹீட்டருக்குப் பின்னால் தண்ணீர் மட்டத்தில் ஒட்டிக்கொண்டு நின்றாள். அப்போதும் வாயைத் திறக்கவில்லை. டீச்சர் அன்று சாப்பிடவில்லை. "புது இடம், பழகிக்கட்டும்" என்றார் சார்.

செவ்வாய்க்கிழமை காலை, "பூங்கோதை, ஜல்தி வாங்கோ" என்று மாடியிலிருந்து கூப்பிட்டார். பனிமூட்டத்தில் எதிர் பிளாக் தெரியவில்லை. மேலே போனால், மஞ்சள் மீன் மணலில் சாய்ந்து கிடந்தது. வாய் திறந்திருந்தது. பக்கத்தில் கண்ணும் வாலும் முளைத்த இரண்டு குஞ்சுகள், வயிற்றில் இன்னும் கரையாத மஞ்சள்கருவோடு, அசைவில்லாமல் கிடந்தன. மற்றவற்றை இருந்த மீன்கள் தின்றிருக்க வேண்டும். அன்று பதினான்காம் நாள்.

டீச்சர் அழவில்லை. சாரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"காமு, இப்படி ஆகும்னு நோக்குத் தெரியுமா?"

தலையசைத்தார்.

"அன்னிக்கு நாற்காலியை அடிச்சியே, இதைத்தான் சொன்னியா?"

மறுபடி தலையசைத்தார்.

சார் என் பக்கம் திரும்பினார். "ரெண்டு வருஷமா நானே கேட்டு நானே பதில் சொல்லிண்டிருந்திருக்கேன், பூங்கோதை" என்று என்னிடம்தான் சொன்னார். டீச்சர் முகத்தைப் பார்த்துச் சொல்ல அவருக்குத் தைரியம் இல்லை. அறுபது வயதை நெருங்கும் மனிதர் அப்படித் தேம்பியதை நான் பார்த்ததில்லை.

பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அந்த ஏழு மீனையும் இப்பவே திருப்பிக் கேட்டுடறேன்" என்று போனை எடுத்தார்.

"ம்" என்றார் டீச்சர்.

ஏதோ கேட்க வாயெடுத்த சார் அப்படியே நிறுத்திக்கொண்டார். போனைக் கீழே வைத்தார். கீழே என் குக்கர் கூவிக்கொண்டிருந்தது, நானும் நகரவில்லை. வெகுநேரம் கழித்து டீச்சரின் இடது கை மெல்ல எழுந்து ஒரு பூத்தொட்டியின் அடியைக் காட்டியது. சார் தரையில் மண்டியிட்டுக் கண்ணாடியோடு முகத்தை ஒட்டிப் பார்த்தார். உள்ளே இன்னொரு மஞ்சள் மீன் ஒடுங்கியிருந்தது. வால் பாதி இல்லை. வாசலில் கருநீலன் நின்றிருந்தான்.

சார் வலையை எடுத்து, அடிபட்டவளை வெளியே எடுக்கப் போனவர், நின்று திரும்பினார்.

"யாரை எடுக்கணும் காமு? நீ சொல்லு."

டீச்சர் கருநீலனைக் காட்டினார். சார் வலையைத் தண்ணீரில் விட்டார். ஒவ்வொரு தடவை வலையை நகர்த்தும்போதும் சரிதானா என்று டீச்சரின் முகத்தைத் திரும்பிப் பார்த்துக்கொண்டே பிடித்தார்.